மாடியில் நேரா இறங்க வேண்டிய டிரோன் மூலைக்குப் போய் உட்காருது: ரேடார் பிரதிபலிப்பான் தெரிஞ்சவங்க வாங்க

தண்டையார்பேட்டை81 · ஞாயிறு இரவு 9:12

வணக்கம். நானும் கூடப் படிச்ச ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டிரோன் கட்டியிருக்கோம். நாலு ப்ரொப்பெல்லர்ல நேரா எழும்பும், மேலே போனதும் இறக்கையை நம்பி விமானம் மாதிரி பறக்கும், திரும்பி வந்து மறுபடி நேரா இறங்கும். எடை 1.9 கிலோ. இறங்கற இடம் எங்க வீட்டு மொட்டைமாடி. தண்ணித் தொட்டி, கொடிக்கயிறு எல்லாம் போக 5க்கு 6 மீட்டர்தான் மிச்சம்.

ஜிபிஎஸ் மட்டும் வெச்சா ரெண்டு மூணு மீட்டர் அலையுது. இந்த மாடிக்கு அது கட்டுப்படியாகாது. தரையில கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டி கேமராவால இறக்கிப் பார்த்தோம். பகல்ல அருமை. சாயங்கால வெயில் சாய்வா அடிச்சா கட்டமே தெரியல, இருட்டினா கேட்கவே வேணாம்.

அதனால வயித்துப் பக்கம் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூல் ஒண்ணு மாட்டினோம். கீழே தளத்துல, நடுவுலேர்ந்து ஒரு மீட்டர் தள்ளி, முக்கோணமா மூணு பிரதிபலிப்பான் (ரேடார் அலையை வந்த திசைக்கே திருப்பி அனுப்பற தகடு). ஒவ்வொண்ணும் 10 செ.மீ. அலுமினியத் தகடு மூணை ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா சேர்த்தது. புரோகிராம் ரொம்ப எளிசு: பலமா வர்ற மூணு எதிரொலியை எடு, அதுக்கு நடுப்புள்ளி பாரு, அங்க இறங்கு.

கார்ப்பரேஷன் மைதானத்துல ஓரளவு வேலை செஞ்சுது. மாடியில நேத்து முதல் தடவை. நேரா வந்துட்டே இருந்தது, திடீர்னு வடகிழக்கு மூலைக்கு இழுத்துட்டுப் போய் கைப்பிடிச் சுவர்ல மோதி, அம்மா காயப்போட்டிருந்த ஜவ்வரிசி வடாம் மேலே விழுந்துடுச்சு. ப்ரொப்பெல்லர் ரெண்டு காலி. வடாம் ஒரு படி காலி. "உன் பருந்துக்குப் பசியாடா?"ன்னு அம்மா கேட்டது வேற.

அந்த மூலையில எந்தப் பிரதிபலிப்பானும் இல்ல. எதுக்கு அங்க போகுது?

---

வானம்பாடி_பெரம்பூர் · ஞாயிறு இரவு 9:40

ஆர்டிகே ஜிபிஎஸ் வாங்கிப் போடு தம்பி, தரையில ஒரு பெட்டி வெச்சு ஜிபிஎஸ் தப்பைத் திருத்தற வகை. சென்டிமீட்டர் கணக்குல இறங்கும். இதுக்கு எதுக்குத் தகரமும் ரேடாரும்?

---

தண்டையார்பேட்டை81 · ஞாயிறு இரவு 9:47

நியாயமான கேள்விதான் அண்ணா. ஆனா ஆர்டிகேவுக்குத் தரையில ஒரு பெட்டி, அதுக்குக் கரன்ட், அதுலேர்ந்து மேலே ஒரு ரேடியோ இணைப்பு, எல்லாம் ஒழுங்கா ஓடணும். எங்க தெருவுல ரெண்டு பக்கமும் நாலு மாடி, செயற்கைக்கோள் சிக்னல் சுவர்ல பட்டுப் பட்டு வருது. தகடுக்குக் கரன்ட் வேணாம், செட்டிங் வேணாம். அந்த ஆசைதான்.

---

மில்லிமீட்டர் · ஞாயிறு இரவு 10:25

ரெண்டு கேள்வி.

ஒண்ணு, அந்த மூலையில என்ன இருக்கு?

ரெண்டு, சுமார் மூணு மீட்டர் உயரத்துக்கு வந்த பிறகுதானே இழுத்துச்சு?

---

தண்டையார்பேட்டை81 · ஞாயிறு இரவு 10:31

மூலையில ஒண்ணுமே இல்லைங்க. வெறும் கைப்பிடிச் சுவர், சிமென்ட் தரை.

மூணு மீட்டர் எப்படி சொன்னீங்க?! டிரோன் பதிவுல (லாக்) 3.1னு இருக்கு.

---

மில்லிமீட்டர் · ஞாயிறு இரவு 11:05

ஒண்ணுமே இல்லன்னு நினைச்ச இடத்துலதான் உங்க மாடியிலேயே பெரிய பிரதிபலிப்பான் இருக்கு. சுவர் ஒண்ணு, சுவர் ரெண்டு, தரை. மூணும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்து. நீங்க தகட்டுல செஞ்சதையே கொத்தனார் ஒரு மீட்டர் அளவுல எப்பவோ கட்டி வெச்சுட்டார்.

கணக்கு சொல்றேன். முக்கோண வடிவத் தகடு மூணு சேர்ந்த மூலையோட ரேடார் பரப்பு, அதாவது ரேடாருக்கு அது எவ்வளவு பெரிசாத் தெரியுதுங்கற அளவு, விளிம்பு நீளத்தோட நாலாவது அடுக்குப்படி ஏறும். சூத்திரம்: நாலு பை (π), பெருக்கல் நீளத்தின் நாலாம் அடுக்கு, வகுத்தல் மூணு மடங்கு அலைநீளத்தின் வர்க்கம். 77 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 3.9 மி.மீ. உங்க 10 செ.மீ. தகடு தர்றது சுமார் 27 சதுர மீட்டர். உள்ளங்கை அளவு தகட்டுக்கு இது பெரிய தொகை. ஆனா சுவர் மூலை உங்களுதைவிடப் பத்து மடங்கு பெரிசு, அப்போ கணக்குப்படி பத்தாயிரம் மடங்கு பலம். சிமென்ட் சொரசொரப்பு, கொத்தனார் மூலைமட்டம் சரியா பிடிச்சிருக்க மாட்டார், கொஞ்சம் அலையை சுவரே குடிச்சுடும். ஆயிரத்துல ஒரு பங்கு மிஞ்சினாலும் உங்க தகட்டைவிடப் பத்து மடங்கு.

மூணு மீட்டர் விஷயம்: இப்படிப்பட்ட மூலை தரையிலேர்ந்து 35 டிகிரி மேல்நோக்கி, மாடியோட குறுக்காப் பார்க்கும். உங்க தளம் 5க்கு 6, நடுவுலேர்ந்து மூலைக்கு 3.9 மீட்டர். டிரோன் 3 மீட்டர் உயரத்துல இருக்கும்போது மூலையிலேர்ந்து பார்த்தா 37, 38 டிகிரி. நேரா அது வாய்க்கு எதிர்ல வந்து நிக்குது. அதுக்கு ரொம்ப மேலே இருந்தவரைக்கும் அந்த மூலை உங்களை நேராப் பார்க்கல.

---

தண்டையார்பேட்டை81 · ஞாயிறு இரவு 11:14

தலை சுத்துது. மைதானத்துல சுவரே இல்ல, அதான் வேலை செஞ்சிருக்கு.

---

மில்லிமீட்டர் · ஞாயிறு இரவு 11:20

மைதானத்துலயும் "ஓரளவு"ன்னுதான் எழுதியிருக்கீங்க. உங்க பிரதிபலிப்பானை எப்படி வெச்சிருக்கீங்க? போட்டோ போடுங்க.

---

தண்டையார்பேட்டை81 · ஞாயிறு இரவு 11:32

[படம்]

ஒரு தகடு தரையில படுத்திருக்கு, ரெண்டு நிக்குது. அலமாரியில புத்தகம் சாயாம முட்டுக் கொடுப்போமே, அந்த மாதிரி. அப்படி வெச்சாதான் தானா நிக்குது.

---

காசிமேடு_பைபர் · திங்கள் காலை 5:50

தம்பி, படம் பாத்தேன். சிரிப்பு வந்துச்சு, கோவிச்சிக்காத. எங்க ஆளுங்க போட்ல பண்ற அதே தப்பு.

எங்களது பைபர் போட்டு. பைபருக்குள்ள ரேடார் பூந்து போயிடும், கப்பல்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் கம்பத்துல தகரத்துல ஒரு நட்சத்திரம் மாதிரி கட்டுறது, எட்டு குழி இருக்கும். மூணு தகடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கும், மடிச்சா தட்டையாயிடும். நெறைய பேரு அதை முனை மேலே பாக்குற மாதிரி தொங்க வுடுவானுங்க, பாக்க அழகா கீதுன்னு. அது தப்பு. ஒரு குழி நேரா வானத்தைப் பாக்கணும், மழை பேஞ்சா அதுல தண்ணி நிக்கணும். மழை புடிக்கிற மாதிரி கட்டுன்னு எங்கப்பா சொல்லுவாரு.

எனக்கே பட்டுத்தான் புத்தி வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், எண்ணூருக்கு நேரா வெளில வலை வுட்டுட்டு நின்னுனு கீறோம். ஒரு பெரிய கப்பல், வெளக்கு ரெண்டும் ஒரே கோட்டுல தெரியுது. அப்படித் தெரிஞ்சா நேரா நம்ம மேல வருதுன்னு அர்த்தம். டார்ச் அடிச்சோம், கத்துனோம். வலையை வெட்டிவுட்டுட்டு நகந்தோம். காலைல கம்பத்தைப் பாத்தா தகரம் கவுந்து முனை மேலே கீது. போன தடைக்காலத்துல ஏப்ரல் 15லேர்ந்து பெரிய போட்டுங்க எல்லாம் கரையில நிக்கிற அறுபத்தோரு நாள்ல, அக்கம்பக்கத்து போட்டு பூரா நானே ஏறி நிமுத்திக் கட்டுனேன்.

உனக்கு மேல்நோக்கிப் பாக்குற குழி ஒண்ணு போதும். எங்களுக்கு அந்தக் குழி வேஸ்ட்டு, வானத்துலேர்ந்து எந்தக் கப்பலும் வராது. பக்கவாட்டு ஆறு குழிக்காகத்தான் அதை வெக்கிறோம்.

---

மில்லிமீட்டர் · திங்கள் காலை 8:15

இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. கணக்கும் இதேதான்: ஒரு குழி நேரா மேலே பார்த்தா, மூணு குழி கடல்மட்டத்துக்கு 19.5 டிகிரி மேலேயும், மூணு 19.5 டிகிரி கீழேயும் பார்க்கும். படகு ஆடினாலும் ஏதோ ஒண்ணு கப்பலைப் பார்த்துட்டே இருக்கும்.

தண்டையார்பேட்டை, உங்க தகடு முட்டுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கறதால அதோட பார்வை 35 டிகிரி சாய்வுல. பார்வையோட அகலம் மொத்தமே 40 டிகிரி பக்கம். நேர் மேலேர்ந்து வர்ற டிரோனுக்கு அது செத்த தகடு. மூணையும் கிண்ணம் மாதிரி நிமிர்த்தி வைங்க. மூலை கீழே, வாய் மேலே.

---

பழைய_ரேடார்க்காரன் · திங்கள் காலை 10:02

ராயபுரத்தில் முப்பது ஆண்டுகள் கப்பல் ரேடார் பழுது பார்த்தவன். ஒன்றிரண்டு சொல்கிறேன்.

திரும்பி வரும் சக்தி தூரத்தின் நாலாம் அடுக்கில் குறையும். தகட்டின் பரப்போ நீளத்தின் நாலாம் அடுக்கில் கூடும். ஆக, தகட்டைப் பாதியாக்கினால் பாதி தூரத்தில் அதே பலம் கிடைக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் சூத்திரமே வேண்டாம்.

இந்த யோசனை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் 21 அன்று கேப் கனாவெரலில் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் கட்டம் செங்குத்தாக வந்து இறங்கியது. பின்னாளில் அந்தத் தளத்துக்கு ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் பூச்சே அடித்தார்கள், இறக்கம் இன்னும் துல்லியமாக இருக்கட்டும் என்று.

நம் சந்திரயான் 3க்கு அந்த வசதியும் கிடையாது. 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் இறங்கும்போது கீழே பிரதிபலிப்பான் வைக்க யார் இருந்தார்கள்? ரேடார் உயரமானி, லேசர் உயரமானி, வேகம் அளக்கும் லேசர், கேமராக்கள், எல்லாம் தானே சுமந்து போனது. ஆனால் அதன் மேல் நாசா கொடுத்த எட்டுப் பட்டகங்கள் கொண்ட சிறு லேசர் பிரதிபலிப்பான் ஒன்று இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 12ல் நிலவைச் சுற்றும் நாசா கலம் 100 கி.மீ. தள்ளியிருந்து லேசர் அடித்து, அதிலிருந்து ஒளி திரும்பி வந்தது. அடுத்து அந்தப் பக்கம் இறங்குபவனுக்கு நாம் ஒரு அடையாளக் கல் நட்டு வைத்திருக்கிறோம். காசிமேட்டு நண்பரின் தகரத்துக்கு அது தூரத்து உறவு.

---

மூலைமட்டம் · திங்கள் பகல் 1:30

நான் வியாசர்பாடியில தகட்டு வேலை பட்டறை வெச்சிருக்கேன். தம்பி போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். கையால மடிச்சிருக்கீங்க. வெளிப்பக்கம் கோணம் 92, 93 இருக்கும். தகடு மடிச்ச பிறகு கொஞ்சம் திரும்ப விரியும், அதைக் கணக்குல எடுத்து அழுத்தணும். அந்த ரெண்டு டிகிரி பரவாயில்லையா?

---

மில்லிமீட்டர் · திங்கள் பகல் 2:10

பரவாயில்லைன்னு சொல்ல ஆசைதான். மூணு கோணமும் ஒரு டிகிரி தப்பினா, திரும்பற அலை மூணு டிகிரிக்கு மேலே விலகிப் போகும். 10 செ.மீ. தகட்டுக்கு 77ல் திரும்பற கற்றையோட அகலமே ரெண்டு டிகிரி சொச்சம். கற்றை டிரோனைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போயிடும்.

படகுத் தகரம் கோணலா இருந்தாலும் ஓடறதுக்குக் காரணம் இதுதான். கப்பல் ரேடார்ல அலைநீளம் 3 செ.மீ., தகடு ஒரு அடி. கற்றை ஆறு டிகிரி அகலம், மன்னிக்கிற குணம் ஜாஸ்தி. உங்களுது எட்டுல ஒரு பங்கு அலைநீளம். மன்னிக்காது.

---

மூலைமட்டம் · திங்கள் பகல் 2:45

அப்போ வெல்டிங் பக்கமே போகாதீங்க, சூட்டுல தகடு நெளியும். 3 மி.மீ. தகடு மூணு துண்டா வெட்டி, உள்ளே கட்டை வெச்சு மூலைமட்டம் பார்த்து ரிவெட் அடிக்கணும். இல்லன்னா முப்பரிமாண பிரிண்டர்ல கிண்ணத்தை அச்சடிச்சு அலுமினிய டேப் ஒட்டலாமா? அவ்வளவு மெல்லிசு தாங்குமா?

---

மில்லிமீட்டர் · திங்கள் பகல் 3:02

தாராளமா. 77ல் அலை அலுமினியத்துக்குள்ள ஒரு மைக்ரானுக்கும் கீழேதான் இறங்கும். சப்பாத்தி சுத்தற ஃபாயிலே அதுக்குக் கோட்டைச் சுவர். சுருக்கம் மட்டும் விழக்கூடாது.

---

எண்ணூர்க்காத்து · திங்கள் மாலை 6:20

கிண்ணம் மாதிரி வெச்சா மழைத்தண்ணி நிக்குமே? ஐப்பசியில என்ன செய்வீங்க? எங்க பக்கம் சாம்பல் தூசி வேற. ஒரு வாரம் துடைக்கலன்னா மாடியில காலடித் தடம் பதியும்.

---

மில்லிமீட்டர் · திங்கள் மாலை 7:00

நல்ல கேள்வி. தூசிக்குக் கவலை வேணாம், ரேடார் அதைத் தாண்டிப் பார்க்கும், கேமராவை விட்டு இதுக்கு வந்ததே அதுக்குத்தான். தண்ணிதான் வில்லன். கிண்ணத்துல தண்ணி நின்னா மேல்பரப்பு மட்டமான கண்ணாடி ஆயிடும், மூலையோட வேலையே போச்சு. அடியில சின்ன ஓட்டை போடுங்க. ரேடார் செயற்கைக்கோளுக்கு அளவு சரிபார்க்க தரையில வைக்கிற பெரிய பிரதிபலிப்பான்கள்லயும் தண்ணி வடிய அப்படித்தான் ஓட்டை இருக்கும். மேலே தெர்மாகோல் மூடி சாய்வா வெச்சு ஒட்டினாலும் சரி. உலர்ந்த தெர்மாகோல் ரேடாருக்கு ஏறக்குறைய காத்து மாதிரி.

இன்னொண்ணு, இது முக்கியம். மூணையும் நடுவுலேர்ந்து ஒரே தூரத்துல, ஒரே உயரத்துல வெச்சிருக்கீங்க. டிரோன் சரியா நடுவுக்கு வந்ததும் மூணுக்கும் தூரம் ஒண்ணாயிடும், மூணு எதிரொலியும் ஒண்ணா ஒட்டிக்கும். சரியா வந்த நேரத்துல குழம்பும்! உங்க மாட்யூல் அதிர்வெண்ணை 4 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மாத்திக்கிட்டே போனா பிரிச்சுப் பார்க்கக்கூடிய தூரம் 3.75 செ.மீ. கோணத்துல பிரிக்கலாம்னா, அந்தச் சின்ன ஆன்டெனா வரிசைக்கு 14 டிகிரி தேவை. 10 மீட்டர் உயரத்துல அது ரெண்டரை மீட்டர், உங்க முக்கோணமே அதுக்குள்ள அடங்கிடும்.

அதனால தூரத்துல பிரியற மாதிரி ஸ்டாண்டு உயரத்தை மாத்துங்க: 20, 35, 50 செ.மீ. தரையோட எதிரொலியும் தனியாப் போயிடும். மூணுக்கும் இடையில இருக்க வேண்டிய தூரம் உங்களுக்குத் தெரியும், அந்த வடிவம் பொருந்தாத எதையும் புரோகிராம் தூக்கி எறியணும். பலமா இருக்குன்னு நம்பாதீங்க. பலம் சுவருக்குத்தான் ஜாஸ்தி.

எதிரெதிர்ல ரெண்டு மீட்டர் இடைவெளியில ரெண்டு தகடு இருக்குன்னு வைங்க. டிரோன் அரை மீட்டர் தள்ளியிருந்தா, 10 மீட்டர் உயரத்துல ரெண்டோட தூர வித்தியாசம் 10 செ.மீ. மாறும், தெரியும். 30 மீட்டர்ல 3 செ.மீ., தெரியாது. 15 மீட்டர் வரைக்கும் ஜிபிஎஸ்லயே வாங்க.

கடைசி ஒரு மீட்டர்ல தகடுகள் பக்கவாட்டுக்குப் போயிடும், ரேடார் அதை நம்ப முடியாது. அந்த இடத்துல பக்கவாட்டு அசைவை நிறுத்தி, உயரமானியை மட்டும் வெச்சு உட்காருங்க.

---

வானம்பாடி_பெரம்பூர் · திங்கள் இரவு 9:10

சரி, ஒத்துக்கறேன், தகரத்துல விஷயம் இருக்கு. ஆனா எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. டிரோன் பறக்கற இடங்களைக் காட்டற அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல உங்க இடம் பச்சையான்னு, அதாவது முன் அனுமதி வேணாத பகுதியான்னு பார்த்தீங்களா? 2 கிலோவுக்குள்ள, வியாபாரம் இல்லன்னா பைலட் சான்றிதழ் வேணாம், 2021 விதி அப்படித்தான். ஆனா துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கத்துல பறந்தா மாட்டிப்பீங்க.

---

தண்டையார்பேட்டை81 · திங்கள் இரவு 9:25

பார்த்துட்டுத்தான் பறக்கறோம் அண்ணா. கடல் பக்கம் போறதே இல்ல.

---

தண்டையார்பேட்டை81 · பத்தொம்போது நாள் கழிச்சு, சனி இரவு 8:40

நன்றி சொல்ல வந்தேன், கூடவே ஒரு புகாரும்.

மூலைமட்டம் அண்ணன் பட்டறைக்கே போயிட்டேன். அலுமினியத் தகடை வெட்டி, உள்ளே மரக்கட்டை வெச்சு, மூலைமட்டத்தை ஒட்டி வெச்சு வெளிச்சத்துக்கு எதிர்ல தூக்கிக் காட்டினார். தகட்டுக்கும் மட்டத்துக்கும் நடுவுல மயிரிழை வெளிச்சம் தெரிஞ்சா ரிவெட்டைப் பிடுங்கி மறுபடி அடிச்சார். ஒண்ணுக்கு அரை மணி. காசு வாங்கல, டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

கிண்ணம் மாதிரி நிமிர்த்தி, உள்பக்கமா பத்து டிகிரி சாய்ச்சு வெச்சேன். உயரம் 20, 35, 50. மாடி மூலையில பழைய ப்ளைவுட் பலகை ஒண்ணைச் சாய்வா முட்டுக் கொடுத்து அந்தச் செங்கோணத்தையே கெடுத்துட்டேன். புரோகிராம் இப்போ முக்கோணத்தை மட்டும் தேடுது.

அம்மா இறங்கற இடத்துல கோலமாவால ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தாங்க, "இதுக்குள்ள வந்தா வா, இல்லன்னா வராத"ன்னு. பன்னெண்டு தடவை இறக்கினேன், ஒம்போது தடவை வட்டத்துக்குள்ள. அதுல நாலு தடவை ராத்திரி, விளக்கே இல்லாம.

தப்பின மூணுல ரெண்டு காத்து. மூணாவதுதான் புகார். நேத்து மத்தியானம் 35 செ.மீ. கிண்ணம் மட்டும் காணாமப் போயிடுச்சு, ரேடார்ல எதிரொலியே இல்ல. டிரோன் நல்ல பிள்ளையா முக்கோணம் கிடைக்கலன்னு மேலேயே நின்னுச்சு, கையால இறக்கினேன். போய்ப் பார்த்தா வடிகால் ஓட்டையை ஒரு மீன் தலை அடைச்சிருக்கு, முந்தின நாள் மழைத்தண்ணி ரொம்பி நிக்குது, காக்கா ஒண்ணு அதுல ஜோரா குளிச்சுட்டு இருக்கு. தெர்மாகோல் மூடியைக் கொத்தித் தள்ளியிருக்கு.

---

காசிமேடு_பைபர் · சனி இரவு 9:05

காக்காவுக்கு மீன் தலை எங்கேர்ந்து வந்திருக்கும்னு நெனைக்கிற? எங்க ஏலக்கூடம்தான். மூடி மேலே பழைய நைலான் வலை ஒரு துண்டு இழுத்துக் கட்டு, கொத்தாது. வலை நான் தரேன், வந்து வாங்கிக்கோ.

சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. இதே மூணு கிண்ணத்தை எங்க போட்டு மேல்தட்டுல வெச்சா, உன் பருந்து கடல்ல வந்து இறங்குமா? போட்டு ஆடும்.

---

பழைய_ரேடார்க்காரன் · சனி இரவு 9:30

ஆடும் தளம் என்றால் முழுக் கணக்கும் மாறும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

---

தண்டையார்பேட்டை81 · சனி இரவு 9:33

முதல்ல வலை வாங்கிட்டு வந்துடறேன் அண்ணா. நாளைக்குக் காலைல எத்தனை மணிக்குக் கரைக்கு வருவீங்க?

---

காசிமேடு_பைபர் · சனி இரவு 9:41

ஆறு மணி. தலை இருக்கிற மீனா வாங்கிட்டுப் போ, அம்மாவுக்கு வடாம் கடன் கீதுல்ல.